நோய் வராவிட்டால் கட்டிய பணம் வீணா?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. பள்ளிச் சுவரில் எழுதியிருந்த இவ்வரியைப் படித்தே நாம் அனைவரும் வளர்ந்தோம். உடல்நலம் ஒரு செல்வமானால், அச்செல்வத்தைக் காப்பதற்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? நகையை வைக்கப் பீரோ வாங்குகிறோம். பீரோவுக்குப் பூட்டும் போடுகிறோம். நெல் நடும் உழவர் 2016-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தம் பங்கைக் கட்டுகிறார். சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் பிறருக்கு விளைவிக்கக்கூடிய தீங்குக்காகக் காப்பீடு பெற்றிருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. நெல்லுக்குக் காப்பீடு உண்டு, வண்டிக்கும் உண்டு. நெல்லை நட்டவருக்கும் வண்டியை ஓட்டுபவருக்கும் உண்டா? நம் சோழவந்தான் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று கேட்டால், "அதெல்லாம் எதற்கு? ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாகத்தானே இருக்கிறோம்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

வணிகவியல் வகுப்பில் காப்பீடு பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஒரு மாணவியாவது எழுந்து, "டீச்சர், நோயே வரவில்லை என்றால் கட்டிய பணம் வீண்தானே?" என்று கேட்பாள். கேட்பவள் சிறுமியாயினும் கேள்வி சிறியதன்று. பெற்றோர் பலருடைய மனத்திலும் உள்ள கேள்வி இதுவே. மணி அடித்துவிடும் என்ற அவசரம் இல்லாமல் இதற்கு விடை கூற இம்மலரின் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

முதலில் அடகுக்குப் போவது எது?

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். இன்றைய உலகில் ஐந்தாவதாகப் பணமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் முதலில் கேட்கப்படுவது அந்த ஐந்தாவதுதான்.

நம் நாட்டின் நலக் கணக்கறிக்கைகள் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. 2013-14-ஆம் ஆண்டில் நாட்டில் மருத்துவத்துக்குச் செலவான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ 64 ரூபாயை மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர். 2021-22-இல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. குறைந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அந்த 39 ரூபாய் எல்லா வீடுகளிலும் சமமாகப் பங்கிடப்பட்டு விழுவதில்லை. நோய் புகுந்த வீட்டின் தலையில் மட்டும் மொத்தமாக விழுகிறது.

விழும்போது என்ன நடக்கிறது? தகப்பனாருக்கு மாரடைப்பு என்று வைத்துக்கொள்வோம். இரவோடு இரவாக மதுரைக்குக் கொண்டு செல்கிறார்கள். மறுநாள் காலையில் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. அதுவும் போதாமல் இரண்டு லட்ச ரூபாயை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் வாங்குகிறார்கள். வட்டி மட்டும் மாதத்துக்கு ரூ.6,000; ஆண்டுக்கு ரூ.72,000. அசல் அப்படியே நிற்கும். தந்தையோ ஆறு மாதம் வேலைக்குப் போக இயலாதவர். அந்த வீட்டில் அடுத்து நிறுத்தப்படும் செலவு எது?

மாணவியரே, அதைச் சொல்ல மனம் கூசினாலும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் நிறுத்தப்படுவது பெண்பிள்ளையின் படிப்பு. "தம்பி படிக்கட்டும், நீ கொஞ்ச நாள் மில்லுக்குப் போய் வா" என்கிறார்கள். அந்தக் கொஞ்ச நாள் பிறகு முடிவதேயில்லை. ஆகவே மருத்துவக் காப்பீடு என்பது பெரியவர்கள் பேசிக்கொள்ளும் பணவிவகாரம், நமக்கென்ன என்று நீங்கள் இருந்துவிட முடியாது. உங்கள் வகுப்பறை இருக்கையையும் அது தொட்டு நிற்கிறது.

மொய்யா, சீட்டா, தலைக்கட்டு வரியா?

கொடுத்த பணம் திரும்பி வரவேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். மொய் வைத்தால் நோட்டில் எழுதி வைக்கிறோம். நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வருகிறது. சீட்டுக் கட்டினால் முடிவில் தொகை கிடைக்கிறது. நகைச் சீட்டுக் கட்டினால் தங்கம் கிடைக்கிறது. இவற்றுக்குப் பழகிய கண்ணுக்கு, ஆண்டுதோறும் கட்டியும் ஒன்றும் திரும்பாத காப்பீடு ஏமாற்று வேலையாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் திரும்பி வராத பணத்தையும் நாம் மனமுவந்து கொடுத்து வந்திருக்கிறோம். கிராமத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். கண்மாய்க் கரையைப் பலப்படுத்தத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் பிரிப்பார்கள். அவ்வாண்டு மழை குறைந்து கரைக்கு ஆபத்தே வராமல் போனால், "கரைதான் உடையவில்லையே, என் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று யாரேனும் கேட்டதுண்டா? கரை உடையாமல் இருந்ததற்காக மகிழ்ந்தார்கள். மருத்துவக் காப்பீடும் அத்தகைய தலைக்கட்டு வரியே. மொய்யோடும் சீட்டோடும் அதை ஒப்பிடுவதால்தான் குழப்பம் விளைகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் ஆயிரம் குடும்பங்கள் உள்ளன. ஓராண்டில் இருபது வீடுகளில் ஒருவர் மருத்துவமனையில் சேர நேர்கிறது, வீட்டுக்கு ரூ.50,000 செலவு என்று கொள்வோம். மொத்தம் பத்து லட்சம். ஆயிரம் குடும்பங்களும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் இருபது வீடுகளும் பிழைத்தன. எந்த இருபது வீடுகள் என்பது ஆண்டின் தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது.

இனி, "நாங்கள் இளவயதினர், எங்களுக்கு நோயில்லை" என்று 400 குடும்பங்கள் விலகுவதாகக் கொள்வோம். நோயாளிகள் விலகமாட்டார்கள் அல்லவா? அதே பத்து லட்சத்தை 600 குடும்பங்கள் சுமக்க வேண்டும், பங்கு ரூ.1,667 ஆகிறது. "இது அதிகம்" என்று இன்னும் 300 குடும்பங்கள் விலகினால் பங்கு ரூ.3,333. முடிவில் நோயாளிகள் மட்டுமே எஞ்சுவர், ஏற்பாடே குலைந்துவிடும். "எனக்குத் தேவையில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் தம்மைப் பற்றி மட்டும் முடிவு செய்யவில்லை. மற்றவர் தோளில் ஒரு சுமையை ஏற்றிவிட்டுப் போகிறார்.

உலக நாடுகள் இதை அனுபவத்தில் கண்டன. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் கொண்டுவந்த சட்டம் தொழிலாளர் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்டும் நோய்க்கால நிதியைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், காப்பீடு பெறாதவருக்குத் தண்டத் தொகை விதித்தது. "விருப்பமில்லாதவனை ஏன் வற்புறுத்துகிறீர்கள்?" என்ற வாதம் அங்கே நீதிமன்றம் வரை சென்றது, 2019 முதல் அந்தத் தண்டம் சுழியாக்கப்பட்டது. நம் நாட்டில் தனிமனிதர் மருத்துவக் காப்பீடு பெறவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில்தான் மனச்சான்றும் சிந்தனையும் வேலை செய்ய வேண்டும்.

நம்மவர் செய்து காட்டியவை

இது மேல்நாட்டு வழக்கம் என்று ஒதுக்க வேண்டாம். சென்னையில் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய தன்னார்வ சுகாதார சேவை மையம், குடும்பங்கள் நோய் வருமுன்பே தம் வருமானத்துக்கேற்ற சந்தாவைச் செலுத்திச் சிகிச்சை உரிமை பெறும் முறையைக் கையாண்டது. கல்கத்தாவில் மாணவர்களின் முயற்சியால் 1952-இல் தோன்றிய மாணவர் நல இல்லம், பள்ளி கல்லூரிகள் வாயிலாக ஒவ்வொரு மாணவரிடமும் மிகச் சிறிய ஆண்டுச் சந்தா பெற்று மருத்துவம் அளித்தது. நமக்கு அண்மையில், தேனி மாவட்டம் கடமலைக்குண்டுப் பகுதியில் களஞ்சியம் மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள், குழுக்களின் வட்டாரக் கூட்டமைப்பு மூலம் மருத்துவமனைச் செலவைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைத் தாங்களே நடத்தினர். கல்லூரி வாசலை மிதிக்காத தாய்மார்கள் இதைப் புரிந்துகொண்டார்கள் என்றால் நமக்கென்ன தடை?

உங்கள் வீடு எந்த வரிசையில்?

காப்பீடு வாங்கு என்று எல்லாருக்கும் ஒரே மூச்சில் சொல்வது பொறுப்பாகாது. முதலில் நம் வீடு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒன்று: ஏற்கனவே பிடித்தம் உள்ள வீடுகள். ஆலைகளிலும் கம்பெனிகளிலும் ரூ.21,000 வரை மாத ஊதியம் பெறுவோருக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஈ.எஸ்.ஐ. உண்டு. 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 75 காசு. முதலாளி பங்கு ரூ.3.25. ரூ.12,000 ஊதியம் பெறுபவரிடம் ரூ.90 பிடித்தால் நிர்வாகம் ரூ.390 சேர்க்கிறது. குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு. ஊதியச் சீட்டில் பிடித்தத்தைப் பார்த்து முணுமுணுப்பவர் பலர். அட்டையை வாங்கிக் குடும்பத்தார் பெயரைச் சேர்த்தவர் சிலர். அரசு ஊழியர் வீடுகளிலும் இவ்வாறே பிடித்தமும் காப்பீடும் உண்டு.

இரண்டு: அரசு அட்டைக்கு உரிய வீடுகள். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தமிழகத்தில் இவ்வழி திறந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-இல் அது மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் வரை என்றாயிற்று. ரூ.72,000 என்றிருந்த ஆண்டு வருமான வரம்பும் 2022-இல் ரூ.1,20,000 ஆக உயர்ந்தது. குடும்பம் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு மதுரை ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்துக்குச் சென்றால் போதும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு சான்றுக்கு அலைவதைவிட, நலமாக இருக்கும்போது ஒரு நாள் கூலியை விட்டுப் பெற்று வருவது எவ்வளவோ மேல். இவ்வீடுகள் தனியார் காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்று: நடுவில் நிற்கும் வீடுகள். கொடிக்கால் வைத்திருப்பவர், சிறு கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், தையல் கடை நடத்தும் தாய். மாத வருமானம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் அரசு வரம்புக்கு வெளியே; முதலாளி இல்லாததால் ஈ.எஸ்.ஐ.க்கும் வெளியே. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வெற்றிலையைக் கிள்ளும் விரலுக்கு என்ன பாதுகாப்பு? இவ்வீடுகளுக்கே இக்கட்டுரையை முக்கியமாக எழுதுகிறேன். இவர்கள் சொந்தப் பணத்தில் காப்பீடு பெறுவது கடமை என்பது என் துணிபு.

"வசதி ஏது?" என்று கேட்பீர்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.15,000 பிரீமியம் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு ரூ.41. இருவர் கடையில் டீயும் வடையும் சாப்பிடும் செலவு. சுமைதான், ஆனால் நாம் முன்பு கண்ட கடன் வட்டி ரூ.72,000 இதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அவ்வளவும் இயலாதவர் சிறிய தொகைக்கேனும் பெறலாம். நகைச் சீட்டு இவ்வாண்டு ஒரு மாதம் தள்ளிப் போனால் குடி முழுகிவிடாது. அரசுக்கும் ஒரு விண்ணப்பம்: வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பங்களும் வருமானத்துக்கேற்ற பங்கைக் கட்டி முதலமைச்சர் திட்டத்தில் சேர வழி செய்தால் பல வீடுகள் கரையேறும். டாக்டர் சஞ்சீவி காட்டிய வழி அதுதானே!

எழும் ஐயங்கள்

"இலவசமாகப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே" என்பர் சிலர். உண்மையே. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை எத்தனையோ உயிர்களைக் காத்த இடம். அங்கே போவதில் இழுக்கு ஏதும் இல்லை. காப்பீடு வந்துவிட்டது என்பதற்காக அரசு மருத்துவமனைகள் நலிந்துவிடவும் கூடாது. ஆனால் நள்ளிரவு நெஞ்சுவலியில் அருகில் எது கிடைக்கிறதோ அதற்கே ஓடுகிறோம். அந்நேரத்தில் கையில் ஒரு காப்பீட்டு அட்டை இருப்பது துணை.

"கம்பெனிக்காரர்கள் கடைசியில் கையை விரித்துவிடுகிறார்கள்" என்பது இரண்டாவது ஐயம். இது முற்றிலும் பொய்யன்று. எத்தனையோ பேர் அலைக்கழிக்கப்பட்டிருக்கிறார்கள். எனினும் அதற்கு ஒரு காரணம் நம்மிடமும் உண்டு. விண்ணப்பத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றை மறைத்துவிடுகிறோம். முகவர் காட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். மற்றவர் போட்ட பொதுப் பணத்திலிருந்து பெறப்போகும் நாம் உண்மையைச் சொல்வதே நேர்மை. சட்டமும் வரவர நம் பக்கம் நிற்கிறது. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டுக்கு மேல் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஐந்தாண்டு தொடர்ந்து கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தாலன்றி, "அன்று இதைச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. கம்பெனி நியாயம் செய்யாவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

"காப்பீடு எடுத்தால் எல்லாச் செலவும் தீருமா?" தீராது. நம் நாட்டில் 1986-இல் அரசுக் கம்பெனிகள் தொடங்கிய மெடிக்ளைம் முதல் இன்றுவரை, பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியவை. காய்ச்சல் மாத்திரைக்கும் பல் வலிக்கும் வராது. வேலைக்குப் போகாத நாளின் கூலியும் வராது. எனவே இரண்டும் வேண்டும்: சிறு நோய்க்கு அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஒரு சேமிப்பு, பெரு நோய்க்குக் காப்பீடு. ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஏமாறக்கூடாது.

கையெழுத்திடுமுன்

இளவயதில், உடல் நலமாக இருக்கும்போதே தொடங்குங்கள். காத்திருப்புக் காலம் நோய் இல்லாத நாட்களிலேயே கழிந்துவிடும். அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். வரம்பை மீறிய அறையில் தங்கினால் வாடகை மட்டுமன்றி மற்றச் செலவுகளிலும் விகிதப்படி குறைத்துவிடக்கூடும். எந்த ஆஸ்பத்திரிகளில் பணம் கட்டாமல் சேரலாம் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பாலிசி கைக்கு வந்த பின் மனநிறைவில்லையெனில் முப்பது நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தவணை நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒருமுறை அறுந்தால் தொடர்ச்சியின் பயன்கள் போய்விடும். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு முன்பு நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது நீக்கப்பட்டது. பழைய கணக்கைக் கூறி யாரேனும் வரி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மாணவியர் கையில்

அன்பு மாணவியரே, "நான் சம்பாதிக்கவில்லையே, என்னால் என்ன ஆகும்?" என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர் மட்டுமல்ல, படித்ததைப் புரிந்து பிறருக்குச் சொல்லக்கூடியவரும் பல வேளைகளில் நீங்கள்தான். இந்த விடுமுறையில் மூன்று காரியங்கள் செய்யுங்கள். வீட்டில் காப்பீட்டு அட்டை எதுவும் இருக்கிறதா, அதில் எல்லாருடைய பெயரும் உள்ளதா என்று தேடிப் பாருங்கள். இல்லையெனில், மேலே சொன்ன மூன்று வரிசைகளில் உங்கள் வீடு எதில் நிற்கிறது என்று அப்பாவோடும் அம்மாவோடும் உட்கார்ந்து கணக்கிடுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுங்கள்.

பெற்றோரே, மகளின் பெயரில் சேர்க்கும் தங்கம் ஒருநாள் நோய்க்காக அடகுக்குப் போகாமல் இருக்க வேண்டுமெனில், அந்தத் தங்கத்துக்கு முன்னால் ஒரு காப்பீடு நிற்கட்டும். மகளுக்கு நீங்கள் தரும் சீதனங்களில் பாதியில் நின்றுபோகாத படிப்பே தலைசிறந்தது.

நோய் வராவிட்டால் கட்டிய பணம் வீணா? வீணன்று. நாம் நலமாக இருந்த ஓராண்டில், முகம் தெரியாத ஒரு தகப்பனின் சிகிச்சை அதில் நடந்திருக்கும். அவருடைய மகள் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் போயிருப்பாள். நாளை நமக்கு முடியாமல் போகும்போது, அவர்கள் கட்டிய பணம் நம்மைத் தாங்கும். அவ்வாண்டு நமக்குத் தேவைப்படவில்லை என்றால் அதை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டாம். நன்றிக் கணக்கில் எழுதுவோம்!